கலிபோர்னியா ரீகால்: நியூசமைப் பிடிக்காதவர்களும் ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும் என்கிறேன்

வளைகுடாவாசி
ஆகஸ்ட் 18, 2021

வாக்குச்சீட்டு தபாலில் வந்துவிட்டது. பதிவு செய்துள்ள சுமார் 2 கோடியே 20 லட்சம் வாக்காளர்களுக்கும் இந்த முறை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். செப்டம்பர் 14 கடைசி நாள். சீட்டில் இரண்டே கேள்விகள். ஆளுநர் கவின் நியூசமைப் பதவியிலிருந்து நீக்க வேண்டுமா? நீக்கினால் அவருக்குப் பதில் யார்? இரண்டாம் கேள்விக்குக் கீழே 46 பெயர்கள் வரிசையாக நிற்கின்றன.

நான் நியூசமின் ரசிகன் அல்ல. 2018இல் அவருக்கு வாக்களித்தேன். 2022இல் அளிப்பேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் பதவிக்காலம் முடிவதற்குள் ஆளுநரை வாக்களித்து இறக்கும் இந்த ரீகாலை எதிர்க்கிறேன். இதன் கணக்கே கோணல்.

முதல் கேள்வியில் பாதிக்கு மேல் ‘ஆம்’ விழுந்தால் அவர் வெளியே. இரண்டாம் கேள்வியில் பாதி வாங்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. கூட்டத்தில் அதிகம் வாங்கியவர் ஆளுநர். நியூசம் பெயர் அந்தப் பட்டியலில் இடம்பெறக் கூடாது என்பதும் சட்டம். ஆகவே நூற்றுக்கு 49 பேர் ‘இவரே இருக்கட்டும்’ என்று சொன்ன பிறகும், 20 பேரின் ஆதரவு பெற்ற ஒருவர் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் ஆளுநர் நாற்காலியில் உட்காரலாம். நியூசம் 2018இல் பெற்றது 61.9 சதவீதம். அவரைவிடக் குறைந்த ஆதரவு பெற்றவர் அவரை இறக்கிவிட்டு ஏறுவதற்கு மக்களாட்சி என்று பெயர் வைத்தால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இதற்கு அரசு மதிப்பிட்டிருக்கும் செலவு 27.6 கோடி டாலர். வழக்கமான தேர்தல் அடுத்த ஆண்டு நவம்பரிலேயே வருகிறது.

மதுரைக்காரன்
ஆகஸ்ட் 18, 2021

ஆளுநரை மக்கள் வாக்களித்து நீக்குவதா? எங்கள் ஊரில் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், வேண்டாம் என்றால் மாற்றுகிறார். மக்களிடம் யாரும் கேட்பதே இல்லை. அந்தப் பதவியில் அப்படி என்னதான் இருக்கிறது? சற்று விளக்குங்கள் ஐயா.

வளைகுடாவாசி
ஆகஸ்ட் 18, 2021

நம் ஊர் முதலமைச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் சட்டமன்றத்தின் தயவு தேவைப்படாத முதலமைச்சர். மக்கள் நேரடியாக நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட், வீட்டோ, அவசரநிலை, நீதிபதி நியமனம் எல்லாம் அவர் கையில். அமெரிக்க செனட்டில் மாநிலத்தின் இடம் ஒன்று காலியானால் தற்காலிகமாக ஆளை நியமிப்பவரும் அவர்தான். செனட் இப்போது நியூசமின் ஜனநாயகக் கட்சிக்கும் குடியரசுக் கட்சிக்கும் 50க்கு 50 என்று நிற்கிறது. நம் மாநில செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனுக்கு வயது 88. இரு கட்சிகளும் இதை நன்றாக அறிந்தே பணத்தைக் கொட்டுகின்றன.

ரீகால் உரிமை 1911இல் வந்தது. அப்போது கலிபோர்னியா அரசியலைச் சதர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனி சட்டைப்பையில் வைத்திருந்தது. அதை உடைக்க வந்த ஆளுநர் ஹைரம் ஜான்சன் மக்களுக்குக் கொடுத்த ஆயுதங்களில் இதுவும் ஒன்று. முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 12 சதவீத அளவுக்குக் கையெழுத்து சேர்த்தால் போதும். இப்போதைய கணக்கில் ஏறத்தாழ 15 லட்சம். விஸ்கான்சினில் 25 சதவீதம் வேண்டும், கேன்சஸில் 40. இங்கே காரணம் சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது; அரசியல் சாசனமே அப்படிச் சொல்கிறது. 1960 முதல் எந்த ஆளுநரும் ஒரு ரீகால் முயற்சியையாவது சந்திக்காமல் போனதில்லை. பெரும்பாலானவை கையெழுத்துக் கட்டத்திலேயே செத்துப்போயின.

ஆற்றங்கரையான்
ஆகஸ்ட் 19, 2021

ஃபோல்சமிலிருந்து எழுதுகிறேன். நான் அந்த மனுவில் கையெழுத்திட்டவன். அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

என் மகள் இரண்டாம் வகுப்பு முழுவதையும் சமையலறை மேசையில் ஒரு ஐபேட் முன்னால் உட்கார்ந்து முடித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய வயது. அதே நேரத்தில் ஆளுநரின் பிள்ளைகள் தனியார் பள்ளிக்கு நேரில் போய்க்கொண்டிருந்தார்கள். மற்றவர்களை வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டு, 2020 நவம்பர் 6 அன்று நாப்பா பள்ளத்தாக்கில் பிரெஞ்சு லாண்டரி உணவகத்தில், ஒரு அரசியல் தரகரின் பிறந்தநாள் விருந்தில் அவர் முகக்கவசம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். படத்தை நாடே பார்த்தது. வேலையில்லாதோர் உதவித்தொகையில் 1,100 கோடி டாலருக்கு மேல் மோசடி. சிறையில் மரண தண்டனைக் கைதிகள் பெயரிலெல்லாம் பணம் போயிருக்கிறது. உண்மையில் வேலை இழந்தவர்கள் தொலைபேசியில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ‘அடுத்த நவம்பர் வரை பொறுங்கள்’ என்கிறீர்கள். எதற்காகப் பொறுக்க வேண்டும்?

வளைகுடாவாசி
ஆகஸ்ட் 19, 2021

பள்ளி விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். விருந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்; அவர் மன்னிப்புக் கேட்டாலும் அந்தப் படம் போகாது.

ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட தாளைத் திரும்ப எடுத்துப் படியுங்கள் நண்பரே. அது 2020 பிப்ரவரியில் எழுதப்பட்டது. அதில் கொரோனாவும் இல்லை, பள்ளியும் இல்லை, பிரெஞ்சு லாண்டரியும் இல்லை. நாட்டில் சட்டவிரோதமாக இருக்கும் வெளிநாட்டவருக்கு நியூசம் சலுகை காட்டுகிறார் என்பதுதான் முதல் குற்றச்சாட்டு. பிறகு வரி, வீடற்றவர்கள், மரண தண்டனையை நிறுத்திவைத்தது. தொற்று வருவதற்கு முன்பே இவர்களுக்கு அவரை இறக்க வேண்டியிருந்தது. தொற்று பிறகு கைகொடுத்தது.

கைகொடுத்தது என்பதை அப்படியே சொல்கிறேன். கையெழுத்து சேர்க்க 160 நாள். அந்தக் கெடு 2020 நவம்பரில் முடிந்திருக்க வேண்டியது. பொது முடக்கத்தில் வீடு வீடாகப் போக முடியவில்லை என்று வழக்குப் போட்டார்கள். நீதிபதி மார்ச் 17 வரை நீட்டித்தார். அந்த உத்தரவு வந்த நாளும் நவம்பர் 6. அன்று மாலைதான் விருந்து. ஜோதிடத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் நியூசமுக்கு அன்று சந்திராஷ்டமமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சன்னிவேல் மாமி
ஆகஸ்ட் 20, 2021

பேசுகிறவர்களில் எத்தனை பேர் 2003இல் இங்கே இருந்தீர்கள் என்று தெரியவில்லை. நான் இருந்தேன், வாக்களித்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அப்போது ஆளுநர் கிரே டேவிஸ். 2002 நவம்பரில்தான் மறுபடி ஜெயித்திருந்தார். 2001இல் மின்வெட்டு, சிலிகான் பள்ளத்தாக்கில் சிக்னல் விளக்குகள் அணைந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டுப்பாட்டில் என்ரான் போன்ற மின்வணிகக் கம்பெனிகள் செய்த விளையாட்டு பின்னால்தான் முழுதாக வெளியே வந்தது. டாட்காம் எனப்பட்ட இணையக் கம்பெனிகள் சரிந்து கருவூலம் காலி. டேவிஸ் வாகன உரிமக் கட்டணத்தை மும்மடங்காக்கினார். ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். டாரல் ஐசா என்ற பணக்கார எம்.பி. கைக்காசு போட்டு ஆட்களை வைத்துக் கையெழுத்து வாங்கினார். ஆளுநராகலாம் என்று அவருக்கு ஆசை. நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் போட்டியில் குதித்ததும் ஐசா கண்ணீரோடு விலகினார்.

135 வேட்பாளர்கள். 3,500 டாலர் கட்டணமும் 65 கையெழுத்தும் இருந்தால் போதும், யாரும் நிற்கலாம். பெயர்களை அகரவரிசையில்கூடப் போடவில்லை. எழுத்துகளைக் குலுக்கிப்போட்டு வந்த வரிசையில் அச்சிட்டார்கள். வாக்குச்சாவடியில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடிக்கொண்டே இருந்தார், பாவம்.

அர்னால்ட் வந்தார். முதல் நாளே வாகனக் கட்டணத்தைப் பழையபடி குறைத்தார், கைதட்டினோம். அதனால் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டாலர் துண்டு விழுந்தது. மறு ஆண்டே 1,500 கோடி டாலருக்குக் கடன் பத்திரம். 2009இல் அதே வாகனக் கட்டணத்தை அதே அர்னால்ட் உயர்த்தினார். அந்த ஜூலையில் மாநிலம் ரொக்கம் கொடுக்க வழியில்லாமல் ‘பிறகு தருகிறேன்’ என்று கடன் சீட்டு எழுதிக் கொடுத்தது. ஆளை மாற்றினோம், கணக்கு மாறவில்லை. அர்னால்டைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பருவநிலைச் சட்டம் போன்ற நல்ல காரியங்களும் செய்தார். பட்ஜெட் பள்ளத்துக்கு ரீகால் மருந்தல்ல என்கிறேன்.

ஆற்றங்கரையான்
ஆகஸ்ட் 20, 2021

மாமி, மதிப்போடு ஒன்று சொல்கிறேன். வளைகுடாவாசி ‘குறைந்த வாக்கு வாங்கியவர் ஏறிவிடுவார்’ என்று பயமுறுத்துகிறார். 2003இல் டேவிஸ் இருக்கட்டும் என்றவர்கள் சுமார் 40 லட்சம். அர்னால்ட் வாங்கியது சுமார் 42 லட்சம். அதாவது இறங்கியவரைவிட ஏறியவருக்கு அதிகம். ஆளுநர் ரீகால் இங்கே தேர்தல் வரை போன ஒரே தடவையில் அந்தப் பயம் பலிக்கவில்லை.

இன்னொன்று. உங்கள் கட்சி யோக்கியமா? கையெழுத்து போதுமான அளவு வந்தது தெரிந்ததும் ஜூனில் அவசரமாகச் சட்டத்தை மாற்றித் தேர்தலை முன்னால் இழுத்தார்கள். நிலைமை சாதகமாக இருக்கும்போதே முடித்துவிடலாம் என்ற கணக்கு. அது மட்டுமல்ல, இரண்டாம் கேள்வியில் பெயர் சொல்லும்படி ஒரு ஜனநாயகக் கட்சித் தலைவரையும் நிற்க விடவில்லை. பட்டியலில் நல்ல ஆள் இல்லை என்று இப்போது அழுவதில் அர்த்தம் இல்லை.

வளைகுடாவாசி
ஆகஸ்ட் 21, 2021

42க்கு 40 என்பது சரியான எண்தான். அர்னால்ட் உலகறிந்த நடிகர். மிதவாதிகளும் அவருக்குப் போட்டார்கள். இன்றைய பட்டியலில் அப்படி ஒருவரைக் காட்டுங்கள். முன்னணியில் இருக்கும் வானொலிப் பேச்சாளர் லாரி எல்டர் முகக்கவச, தடுப்பூசிக் கட்டாயங்களை வந்த உடனே நீக்குவேன் என்கிறார். குறைந்தபட்சக் கூலியே பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஜான் காக்ஸ் மே மாதம் உயிருள்ள கரடியோடு பிரசாரம் செய்தார். கரடியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

பெரிய ஜனநாயகக் கட்சிக்காரர் ஏன் நிற்கவில்லை என்றால், 2003இல் துணை ஆளுநர் குரூஸ் புஸ்டமாண்டே நின்று பார்த்தார். ‘ரீகால் வேண்டாம், வந்தால் நான்’ என்று ஒரே மூச்சில் இரண்டு பேச்சு. டேவிஸும் போனார், அவரும் 31 சதவீதத்தோடு தோற்றார். அந்தச் சூடு மறக்கவில்லை.

தேதியை முன்னால் இழுத்தது தந்திரம்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். இன்னொரு வேடிக்கையையும் நானே சொல்கிறேன்: சீட்டில் நியூசம் பெயருக்கு அருகே கட்சிப் பெயர் இல்லை. கட்சிப் பெயர் போடலாம் என்று 2019இல் சட்டம் கொண்டுவந்து கையெழுத்திட்டவரே அவர். அவருடைய வழக்கறிஞர்கள் உரிய நேரத்தில் படிவத்தில் அதைக் குறிப்பிடவில்லை, நீதிமன்றம் விட்டுக்கொடுக்கவில்லை.

பனிக்கால மாணவி
ஆகஸ்ட் 22, 2021

நான் ரீகாலின் மறுபக்கத்தில் நின்றவள். 2011இல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் ஆராய்ச்சி மாணவி. ஆளுநர் ஸ்காட் வாக்கர், குடியரசுக் கட்சி. அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டுப்பேர உரிமையை ஏறக்குறைய ஒழிக்கும் ‘சட்டம் 10’ கொண்டுவந்தார். பிப்ரவரிக் குளிரில் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தின் பளிங்குத் தரையில் தூக்கப்பையை விரித்துப் படுத்தோம். ஸ்டேட் தெருவில் ஒரு பீட்சாக் கடைக்கு எங்கெங்கோ வெளிநாடுகளிலிருந்தெல்லாம் தொலைபேசியில் பணம் கட்டி, போராடுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்றார்கள். ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் 14 பேர் வாக்கெடுப்பைத் தடுக்க இல்லினாய் மாநிலத்துக்கு ஓடினார்கள். அண்ணா, அந்த உற்சாகத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

5,40,208 கையெழுத்து தேவை. 9 லட்சத்துக்கு மேல் செல்லுபடியானவை வந்தன. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். அங்கே இரண்டு கேள்விகள் கிடையாது, ஆளுக்கு ஆள் நேர் போட்டி. 2012 ஜூன் 5 அன்று வாக்கர் 53க்கு 46 என்று ஜெயித்தார். 2010இல் அதே எதிராளியைத் தோற்கடித்ததைவிட அதிக வித்தியாசம்!

அன்றைய வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பில் பத்தில் ஆறு பேர், பதவியில் முறைகேடு செய்தால் மட்டுமே ரீகால் பொருந்தும் என்றார்கள். வாக்கரைப் பிடிக்காத பலரே அவருக்குப் போட்டிருக்கிறார்கள். ரீகால் அறிவித்த காலத்தில் அவர் எவ்வளவு வேண்டுமானாலும் நன்கொடை வாங்கலாம் என்று சட்டத்தில் ஓட்டை, கோடிக்கணக்கில் திரட்டினார். தேசியப் புகழோடு வெளியே வந்து 2014இல் மறுபடி ஜெயித்து, 2015இல் அதிபர் பதவிக்கே கிளம்பினார். அவரைக் கடைசியில் வீழ்த்தியது 2018இன் சாதாரணத் தேர்தல்.

உங்கள் கட்சி ஆளுக்கு எதிராக வரும்போது மட்டும் ரீகாலைத் திட்டாதீர்கள் என்பதற்காகத்தான் எழுதினேன். அன்று எங்களுக்கும் ‘இது மக்கள் உரிமை’ என்றுதான் தோன்றியது.

வளைகுடாவாசி
ஆகஸ்ட் 22, 2021

பணம் பற்றிச் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். இங்கேயும் அதே கதை. மாற்று வேட்பாளர் ஒரு நன்கொடையாளரிடம் 32,400 டாலருக்கு மேல் வாங்க முடியாது. ஆளுநரின் ரீகால் எதிர்ப்புக் குழுவுக்கோ உச்சவரம்பு கிடையாது. நெட்ஃபிளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸ் மட்டுமே 30 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறார். ரயில்வே முதலாளிகளை அடக்க வந்த ஆயுதம் இன்று இருபக்கப் பணக்காரர்களுக்கும் திருவிழா. ஆற்றங்கரையான் ஐயா, நியூசம் பணக்காரர்களுக்குக் கடன்படக் கூடாது என்று நினைப்பவர் நீங்கள். இந்த ரீகாலே அவரைக் கடன்பட வைத்திருக்கிறது.

மதுரைக்காரன்
ஆகஸ்ட் 23, 2021

தொடர்ந்து படித்துவருகிறேன். ஒரு சந்தேகம். இங்கே முதலமைச்சர் மீது சட்டமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். ஐந்து ஆண்டு உத்தரவாதம் எவருக்கும் கிடையாது. அங்கே அப்படி இல்லை என்றால் இடையில் இறக்க ஒரு வழி வேண்டும்தானே? அதையும் எதிர்த்தால் எப்படி?

வளைகுடாவாசி
ஆகஸ்ட் 23, 2021

இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

இடையில் இறக்க இன்னொரு வழி இருக்கிறது: கீழவை பெரும்பான்மையோடு குற்றம் சாட்டி, மேலவை மூன்றில் இரண்டு பங்கோடு தீர்ப்பளிக்கும் பதவிநீக்க விசாரணை. அது முறைகேட்டுக்கானது. கொள்கை பிடிக்கவில்லை என்றால் தேர்தல்தான். ரீகாலை அறவே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டன், மினசோட்டா போன்ற சில மாநிலங்களில் இருப்பதுபோல் முறைகேடு, கடமை தவறுதல் என்று காரணம் காட்டச் சொல்லட்டும்.

உங்கள் ஒப்பீட்டிலேயே பதிலும் இருக்கிறது. முதல்வர் விழுந்தால், அடுத்து வருபவர் அவையில் பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டும். இங்கே இறக்குவதற்குப் பெரும்பான்மை வேண்டும், ஏறுவதற்கு வேண்டாம். என் எதிர்ப்பு முழுவதும் அந்த இடைவெளிமேல்தான்.

ஆற்றங்கரையான்
ஆகஸ்ட் 23, 2021

காரணம் காட்ட வேண்டும் என்றால் அந்தக் காரணத்தை யார் எடைபோடுவது? நீதிபதி. அந்த நீதிபதிகளில் பலரை நியமித்தது யார்? ஆளுநர். 1911இல் ஜான்சன் தெரிந்துதான் அந்தக் கதவை மூடினார். நடுக்கோடை அனலில் டிக்ஸி எனப்படும் காட்டுத் தீ கிரீன்வில் ஊரையே சாம்பலாக்கியிருக்கிறது. இப்போது கால்டோர் தீயின் புகை எங்கள் வீட்டுக் கூரைமேல் நிற்கிறது. காட்டுத் தீத் தடுப்பில் அரசு மெத்தனமாக இருந்தது ‘முறைகேடா’, ‘கொள்கையா’? நீங்களே சொல்லுங்கள்.

புதுக்குடிமகன்
ஆகஸ்ட் 24, 2021

பெரிய விவாதத்துக்கு நடுவே சின்னக் கேள்வி, மன்னிக்கவும். குடியுரிமை பெற்ற பிறகு எனக்கு இது முதல் வாக்கு. திருப்பி அனுப்பும் உறையில் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. சீட்டை மடித்து வைத்தால் ‘ஆம்’ என்று குறித்தது வெளியே தெரிகிறதாம். அதைப் பார்த்துக் கிழித்துப் போடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?

சன்னிவேல் மாமி
ஆகஸ்ட் 24, 2021

வாட்ஸ்அப்பை மூடி வையுங்கள் தம்பி. அந்த ஓட்டைகள் பார்வை குறைந்தவர்கள் தடவிப் பார்த்து எங்கே கையெழுத்திட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. உறைக்குள் சீட்டு எதுவும் தங்கிவிட்டதா என்று அலுவலர்கள் பார்ப்பதற்கும் உதவும். சந்தேகமாக இருந்தால் சீட்டை வேறு பக்கமாக மடித்து உள்ளே வையுங்கள். பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தைப் போலவே போடுங்கள். நம் ஆட்கள் ஒருநாள் தமிழில், ஒருநாள் ஆங்கிலத்தில் என்று போட்டு மாட்டிக்கொள்வதுண்டு. செப்டம்பர் 14க்குள் தபால் முத்திரை விழுந்தால் போதும்.

புதுக்குடிமகன்
ஆகஸ்ட் 24, 2021

நன்றி மாமி. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்தால் இரண்டாவதை விட்டுவிட வேண்டுமா?

வளைகுடாவாசி
ஆகஸ்ட் 24, 2021

விட வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் ‘இல்லை’ என்றவரும் இரண்டாவதில் குறிக்கலாம்; இரண்டும் தனித்தனியாக எண்ணப்படும். நியூசமும் அவர் கட்சியும் ‘வெறுமையாக விடுங்கள்’ என்கிறார்கள். இதில் நான் அவர்களோடு இல்லை. அவர் தோற்றுவிட்டால் அடுத்தவர் யார் என்பதில் உங்களுக்கும் ஒரு குரல் இருக்கட்டுமே. சான் டியேகோவின் முன்னாள் மேயர் கெவின் ஃபால்கனர் மாதிரி நிர்வாகம் தெரிந்தவர் ஒருவரைக் குறிக்கலாம் என்றிருக்கிறேன். என் கட்சி நண்பர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

ஆற்றங்கரையான்
செப்டம்பர் 15, 2021

வாக்களிப்பு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ‘ரீகால் தோல்வி’ என்று அறிவித்துவிட்டார்கள். ஏற்றுக்கொள்கிறேன். மோசடி என்று புலம்பும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் லட்சக்கணக்கானோர் ‘ஆம்’ என்றிருக்கிறோம் என்பதை ஆளுநர் மறக்க வேண்டாம்.

வளைகுடாவாசி
அக்டோபர் 30, 2021

அதிகாரபூர்வ எண்கள் வந்துவிட்டன. ‘இல்லை’ 61.9 சதவீதம், ‘ஆம்’ 38.1. 2018இல் அவர் வாங்கியதும் அதே 61.9தான். கோடிகளைச் செலவழித்து மாநிலம் தெரிந்துகொண்ட செய்தி இது.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இரண்டாம் கேள்வி. முதல் கேள்விக்கு 1 கோடியே 28 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். இரண்டாவதற்கு சுமார் 73 லட்சம்தான். எல்டருக்கு அதில் 48 சதவீதம், அதாவது சுமார் 35 லட்சம் வாக்கு. ‘இல்லை’ என்றவர்களோ 79 லட்சம் பேர். இவர்களில் ஒரு பகுதியினர் முதல் கேள்வியில் ‘ஆம்’ என்று மாறியிருந்தால், இந்த 35 லட்சம்தான் ஆளுநரைத் தீர்மானித்திருக்கும்.

ஆற்றங்கரையான்
அக்டோபர் 31, 2021

வெறுமையாக விடச் சொன்னது உங்கள் ஆளுநர். அதனால் சுருங்கிய எண்ணை வைத்துச் சட்டத்தைக் குறை சொல்வது சரியல்ல.

வளைகுடாவாசி
அக்டோபர் 31, 2021

ஒத்துக்கொள்கிறேன், அவர் சொன்னது அந்த எண்ணைக் குறைத்தது. அப்படியானால் இரண்டாம் கேள்வியையே எடுத்துவிடலாமா? ஆளுநர் போனால் துணை ஆளுநர் வரட்டும். அவரையும் மக்கள் தனியாகத் தேர்ந்தெடுத்துத்தானே வைத்திருக்கிறார்கள்?

ஆற்றங்கரையான்
அக்டோபர் 31, 2021

யோசிக்கலாம். துணை ஆளுநர் வேறு கட்சியாக இருந்தால் நாளைக்கே கையெழுத்து சேர்க்க ஆள் கிளம்புவார்கள், அதையும் சேர்த்து யோசியுங்கள். 12 சதவீதத்தை உயர்த்துவதற்கும், காரணத்தை நீதிமன்றம் எடைபோடுவதற்கும் மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன். அதற்கு வாக்கெடுப்பு வந்தால் எதிர்த்து வேலை செய்வேன். அப்போது ஃபோல்சம் பக்கம் வந்தால் சொல்லுங்கள், நேரில் சண்டை போடலாம்.